ஆந்திராக்காரன் சீட்டு

நாகய்யாவுக்கு நாகய்யா என்று ஒரு பெயர் இருப்பது பூங்காவனக்குப்பத்தில் பத்துப் பேருக்காவது தெரியுமா என்பது சந்தேகம். குப்பத்தில் அவன் ஆந்திராக்காரன். "ஆந்திராக்காரன் ஊட்டுல ஒரல் வாங்கிக்கினு வா", "ஆந்திராக்காரன் பொண்ணு வயசுக்கு வந்துட்ச்சாம்", "வலைக்கு ஒரு ஆள் கொறையுது, ஆந்திராக்காரனைக் கூப்புடு". பெண்டாட்டி கோவிந்தம்மா புருஷன் பெயரைச் சொல்லாத வழக்கத்தில் வளர்ந்தவள், "இந்தாய்யா" என்பாள். மகள் ரத்னாவுக்கு அவன் நைனா. ஆக, உலகத்தில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரே ஒரு வாய்தான் மிச்சமிருந்தது. அது பழவேற்காட்டு ஏரியின் வடகரையில், கொத்தரேவில் இருந்த அவனுடைய அண்ணன் போலய்யாவின் வாய். எதிரில் படகு வந்தால் அரை மைலுக்கு அப்பாலிருந்தே "ஒரே நாகா!" என்று கத்துவான். நம் "அடே"தான் அவர்களுக்கு "ஒரே". நாகய்யாவும் துடுப்பைத் தூக்கிக் காட்டுவான். அதற்குமேல் அவர்களுக்குள் பேச்சு அதிகம் கிடையாது. தெலுங்கில் இரண்டு வார்த்தை, ஒரு பீடி, அவ்வளவுதான்.

அவன் ஆந்திராவிலிருந்து வந்தவனே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஐம்பத்திரண்டில் கோவிந்தம்மாவைக் கட்டிக்கொண்டு தெற்கே வந்தபோது இந்தக் கரையும் மதராஸ், அந்தக் கரையும் மதராஸ். ஒரே சாதி, ஒரே கங்கம்மா. இரண்டு பக்கமும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பாட்டன் காலத்திலிருந்து நடக்கிற காரியம். அங்கே வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், இங்கே தமிழ் பேசுவார்கள், மீன் விற்கப் போகிற இடத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் பேசுவார்கள். எங்கேயோ ஆந்திரா கேட்டுப் பட்டினி கிடந்தார்கள், எங்கேயோ கையெழுத்துப் போட்டார்கள், அடுத்த வருஷம் ஏரிக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு விழுந்தது. நாகய்யா குடிசைக்குக் கீற்று முடைந்துகொண்டிருந்தான். இருந்த இடத்தைவிட்டு ஒரு சாண் நகராமல் அவன் ஆந்திராக்காரன் ஆனான்.

பெயரோடு போயிருந்தால் யாருக்கு நஷ்டம்? எருமை, கோணக்காலன், சப்பை மூக்கன் என்றெல்லாம் கூப்பிடுகிற ஊரில் இது ஒரு பெயரா? ஆனால் இந்தப் பெயருக்குள்தான் அவனுடைய சோறு மாட்டிக்கொண்டிருந்தது.

ஏரியில் இஷ்டத்துக்கு வலை போட முடியாது. எறா, அதாவது இறால், வருகிற நல்ல இடங்களை ஊர் பங்கிட்டு வைத்திருக்கிறது. இன்ன நாளில் இன்ன இடம் இன்ன ஆளுக்கு என்று முறை. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தை மாதத்தில் கங்கம்மா கோயில் வாசலில் பானைக்குள் சீட்டைப் போட்டுக் குலுக்குவார்கள். யார் சீட்டு முதலில் வருகிறதோ அவனுக்கு முதல் முறை. கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு. அப்பன் போனால் மகன். மகன் இல்லாதவன் செத்தால் அவன் சீட்டு ஊருக்குத் திரும்பிவிடும். கோவிந்தம்மாவின் அப்பாவுக்கு அவள் ஒருத்திதான். கிழவர் போன மறுவருஷம் அவர் சீட்டைப் பானையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"மருமவனே, கோவிச்சுக்காத. நீ பொறந்த ஊர்ல உனக்குப் பங்கு கீதில்ல?" என்றார் ஊர்த் தலைவர் துலுக்காணம்.

பிறந்த ஊரில் போய்க் கேட்டான். பெண்டாட்டி வீட்டோடு போய்விட்டவனுக்கு இங்கே என்ன பங்கு என்று கேட்டார்கள். அந்தப் பக்கம் ஒரு சொல் உண்டு, நம் பக்கத்திலும் தெரியாதவர் இல்லை: பேரு பெத்த பேரு, தாக நீலு லேது. பேரோ பெரிய பேரு, குடிக்கத் தண்ணீர் இல்லை. நாகய்யாவுக்கு ஒரு ஸ்டேட் பெயரே பட்டமாக இருந்தது, வலை போட ஒரு முழம் தண்ணீர் இல்லை.

ஆகவே அவன் ஆள் வேலைக்குப் போனான். முறை யாருடையதோ அவனுக்கு ஆள். கம்புகளைச் சேற்றில் ஊன்றி, வலையைச் சுற்றிக் கட்டி, நீர் வற்றி இறங்கும்போது மார்பளவு உப்புத் தண்ணீரில் நின்று பிடிக்க வேண்டும். நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம். பங்குக்காரன் படகில் உட்கார்ந்து பீடி பிடிப்பான். இதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் வழக்கம். பங்குள்ளவன் கிழவனானாலும் ஆளை வைத்து வலை கட்டிக்கொள்ளலாம். பங்கில்லாதவன் முட்டி இருக்கிற வரைக்கும் நிற்க வேண்டும். நாகய்யாவுக்கு நாற்பது வயதுக்குள் முட்டி போய்விட்டது. காலையில் கரையேறினால் கால் கல்லாகக் கனக்கும். கோவிந்தம்மா வெந்நீர் ஊற்றுவாள். ஊற்றிக்கொண்டே அப்பனுடைய பங்கைத் தின்றவர்களை வரிசையாகத் திட்டுவாள். அவன் கேட்டுக்கொண்டே கஞ்சியைக் குடித்துவிட்டுத் தூங்கிப்போவான். பதில் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் சரியாக நடந்தது. கோயில் திருவிழாவுக்கு வரி பிரிக்க வரும்போது அவனும் தலைக்கட்டுதான். தேர் வடம் பிடிக்க, செத்தவனுக்குப் பாடை கட்ட, புயலில் சாய்ந்த குடிசையைத் தூக்கி நிறுத்த, எல்லாவற்றுக்கும் அவன் ஊர்க்காரன். பானையில் சீட்டுப் போடும்போது மட்டும் ஆந்திராக்காரன். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்?

அறுபத்தொன்பது பொங்கலன்று ஒரு விசேஷம் நடந்தது. பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பாக்கியராஜ் ஊரைக் கூட்டி, ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்து, இன்று முதல் நம்முடைய ராஜ்யத்துக்கு மதராஸ் என்கிற பெயர் கிடையாது, தமிழ்நாடு என்று சட்டமாகிவிட்டது என்று பேசினார். நல்ல குரல் அவருக்கு. "இனிமே இந்த எல்லைக்குள்ள குடியிருக்கிற ஒவ்வொருத்தரும் தமிழ்நாட்டுக்காரர்!" என்று கையை வீசினார். எல்லாரும் கை தட்டினார்கள். நாகய்யாவும் தட்டினான். தட்டிவிட்டு, வாயிலிருந்த மிட்டாய் கரைகிற வரைக்கும் அங்கேயே நின்றான்.

வீட்டுக்குப் போய்ச் சட்டை போட்டுக்கொண்டான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு சட்டை, அதுவும் கல்யாணம் காரியத்துக்குப் போடுவது. கோவிந்தம்மா எங்கே என்று கேட்டாள். "தலைவராண்ட போயிட்டு வரேன்" என்றான்.

துலுக்காணம் வீட்டு வாசலில் நாலைந்து பேர் உட்கார்ந்து வலையின் கண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாகய்யா கையைக் கட்டிக்கொண்டு, வாத்தியார் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தான். "கவர்மென்டே சொல்லிடுச்சு மாமா. நானும் இப்ப தமிழ்நாட்டுக்காரன்தான். அத்தொட்டு, சீட்டுல என் பேரயும் போட்டீங்கன்னா..."

முதலில் ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். துலுக்காணம் கெட்டவர் இல்லை, ஆனால் அவராலும் அடக்க முடியவில்லை.

"பேர் மாத்துனது ஸ்டேட்டுக்குப்பா. உனக்கா மாத்துனாங்க?" என்றார். "ஊட்டுக்குப் போ. நாளைக்கு என் மொறை. வெடிகாலைல வந்துடு, ஆளு வோணும்."

அவன் திரும்பி வந்தான். சட்டையைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தான். மறுநாள் விடிகாலையில் போய்த் தண்ணீரில் நின்றான். அழுகையா வந்தது? அதெல்லாம் இல்லை. அலுப்பாக இருந்தது. அழுவதற்குச் சின்ன வயதாக இருக்க வேண்டும்.

நாலு வருஷம் இப்படியே போயிற்று, இன்னும் நாற்பது வருஷமும் போயிருக்கும். ஆனால் எறாவுக்கு மவுசு வந்துவிட்டது. முன்பெல்லாம் கருவாட்டுக் கூடையில் அள்ளிப் போடுகிற சரக்கு. இப்போது பொன்னேரி ரோட்டு வழியாக ஐஸ் வைத்த லாரிகள் வந்து நின்றன. சீமைக்குப் போகிறதாம், ஜப்பான்காரன் தின்கிறானாம். குப்பத்தில் ரேடியோ வந்தது, நாலு வீட்டுக்கு ஓடு ஏறியது. இத்தனை நாள் யாரும் சீந்தாத மூலைகளில்கூட வலை விழுந்தது. அப்படித்தான் குழிப்பாட்டுச் சண்டை கிளம்பியது.

குழிப்பாடு என்பது ஏரியில் ஒரு பள்ளம். நீர் வற்றும்போது எறா எல்லாம் அதில் வந்து அடையும். கொத்தரேவுக்கும் பூங்காவனக்குப்பத்துக்கும் நடுவில், எல்லையாக ஒரு பனங்கம்பம் நட்டிருந்தார்கள். சர்க்கார் கோடு போடுவதற்குப் பதினைந்து வருஷம் முந்திய எல்லை அது. கிழக்கே மணல்மேட்டில் நிற்கிற ஒற்றைப் பனைக்கு நேராக நட்டது. கம்பத்துக்கு வடக்கே அவர்கள், தெற்கே இவர்கள். பள்ளம் இருந்தது வடக்கே. அறுபத்தாறு புயலில் கம்பம் பிடுங்கிக்கொண்டு போயிற்று. அப்போது எறாவுக்கு விலை இல்லை, அதனால் யாரும் தேடவில்லை. எழுபத்திரண்டில் விலை வந்ததும் பூங்காவனக்குப்பத்துப் பெரியவர்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது, கம்பம் இருந்தது ஒற்றைப் பனைக்கு நேராக இல்லையென்று. அதற்கும் வடக்கே, கூப்பிடு தூரத்தில், அடி ஒட்டி நிற்கிற இரட்டைப் பனைக்கு நேராக இருந்ததாம். அப்படியானால் பள்ளம் இவர்களுக்கு. எது நிஜம் என்று இரண்டு ஊரிலும் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி பேசுவதற்குத்தானே பஞ்சாயத்து என்று ஒன்றை வைத்திருக்கிறோம்?

இரண்டு படகு உடைந்தது, மூன்று மண்டை உடைந்தது. பொன்னேரியிலிருந்து ஓர் அதிகாரியும், அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அதிகாரியும் வந்தார்கள். வரைபடத்தை விரித்துப் பார்த்தார்கள். அதில் ஏரி முழுக்க நீலமாக இருந்தது, பனைமரம் இல்லை. "நீங்களே பேசித் தீர்த்துக்குங்க. இல்லன்னா ரெண்டு ஊரும் அங்க வலை போடக்கூடாது" என்று சொல்லிவிட்டு ஆளுக்கு ஒரு கூடை மீனோடு போனார்கள்.

மணல்மேட்டில் இரண்டு ஊரும் உட்கார்ந்து பேசியது. காலையிலிருந்து உச்சிவரை ஒன்றும் ஆகவில்லை. அப்போது போலய்யா எழுந்தான். அவன்தான் இப்போது கொத்தரேவில் நாலு பேர் கேட்கிற ஆள். எல்லாருக்கும் புரியவேண்டும் என்று மீன்காரத் தமிழில் பேசினான்.

"கம்பம் நட்டது எங்க நைனாவும் உங்க பழைய தலைவரும். ரெண்டு பேரும் பூட்டாங்க. அன்னைக்குக் கூட இருந்தது நானும் என் தம்பியும். நான் சொன்னா நீங்க நம்பமாட்டீங்க. என் தம்பி எங்க ஊர்ல பொறந்தான், உங்க ஊர்ல பொழைக்கிறான். அவன் கற்பூரம் அணைச்சு சொல்லட்டும். அவன் எங்க கை காட்றானோ அங்க கம்பத்த நடுவோம். நாங்க ஒரு வார்த்தை பேசமாட்டோம்."

துலுக்காணம் இரண்டு பக்கமும் பார்த்தார். "செரி" என்றார். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் சத்தியம் என்று முடிவாயிற்று.

நாகய்யா கூட்டத்தின் கடைசியில், வெயிலில் உட்கார்ந்திருந்தான். எல்லாரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். இருபத்தோரு வருஷத்தில் ஊர் அவனைத் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான். அண்ணன் போகிற போக்கில் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "ஒரே நாகா, சாப்ட்டியா?" என்று தெலுங்கில் கேட்டுவிட்டுப் படகேறினான். சத்தியத்தைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

அன்று பொழுது சாய்வதற்குள் துலுக்காணம் நாகய்யா வீட்டுக்கு வந்தார். அதுவரை அந்த வாசலை மிதித்ததில்லை. கோவிந்தம்மா பாயை உதறிப் போட்டாள். அவர் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, கூரை ஒழுகுகிறதா என்று விசாரித்து, ரத்னாவுக்கு எத்தனை வயது என்று கேட்டு, அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

"மருமவனே, நான் சுத்தி வளைக்கல. நாளைக்கு நீ ரெட்டைப் பனையக் காட்டுனா, வர்ற தைல உன் மாமனார் பங்கு உனக்கு. சீட்டு உழும். ஊர்ல பேசிட்டேன், ஒருத்தரும் இல்லன்னு சொல்லல."

நாகய்யா முட்டியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஒத்தைப் பனையக் காட்டுனா..." துலுக்காணம் எழுந்து வேட்டியைத் தட்டினார். "உன்ன ஊரவுட்டுப் போன்னு யாரும் சொல்லமாட்டாங்க. ஆனா எந்தப் படகுல உன்ன ஆளா ஏத்துவாங்கன்னு எனக்குத் தெரியல. ஆந்திராக்காரன் ஆந்திராக்காரனாத்தான் இருப்பான்னு சொல்லிட்டுப் பூடுவாங்க. ரோசன பண்ணு."

அவர் போனபிறகு கோவிந்தம்மா அடுப்பை மூட்டினாள். சோறு வடிக்கிறவரை ஒருவரையும் திட்டவில்லை. அவள் திட்டாமல் இருந்தது அவனுக்குப் பயமாக இருந்தது.

"இன்னா பண்ணட்டும்?" என்று அவனே கேட்டான்.

"என்னக் கேக்காத. கற்பூரத்த அணைச்சுட்டுப் பொய் சொன்னா கை வெந்துபூடும்பாங்க. இருவது வருசமா வவுறு வெந்துக்கினுதான் கீது, அத எவனும் பாக்கல." தட்டை அவன் முன்னால் வைத்தாள். பிறகு குரலை இறக்கி, "உன் கால நெனச்சாத்தான்ய்யா எனக்கு அழுகாச்சியா வருது. நீ ஒரு நாளாச்சும் படகுல குந்திக்கினு வந்து நான் பாக்கல" என்றாள்.

நாகய்யாவுக்கு நியாயம் தெரியாமல் இல்லை. கம்பம் நட்ட நாளில் அவனுக்கு எட்டு வயது, போலய்யாவுக்குப் பன்னிரண்டு. நைனா கம்பத்தை இறக்க, சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தது இவர்கள் இருவரும். சின்னவன் தண்ணீரில் மூழ்கிவிடுவான் என்று அண்ணன் அவனைத் தோளில் தூக்கி வைத்திருந்தான். தோளில் உட்கார்ந்தபடி அவன் நேராகப் பார்த்தது ஒற்றைப் பனையை. இதெல்லாம் ஞாபகம் இருந்தது. முட்டியும் ஞாபகம் இருந்தது. நாளைக்கு, நாளை மறுநாளைக்கு, அறுபது வயதில், எழுபது வயதில் மார்பளவு தண்ணீர் ஞாபகம் இருந்தது. தப்பு எது, சரி எது என்று யோசிக்கிறவன் உட்கார்ந்து யோசிக்கிறான். நின்றுகொண்டே இருக்கிறவனுக்கு எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றுதான் தோன்றும்.

மறுநாள் இரண்டு ஊர்ப் படகுகளும் ஏரிக்கு நடுவில் கூடின. ஒரு படகில் கங்கம்மா படத்தை வைத்து, வெற்றிலைமேல் கற்பூரம் கொளுத்தினார்கள். நாகய்யா ஈர வேட்டியோடு நின்றான். அவனுக்கு எதிர்ப் படகில் போலய்யா. முகத்தில் கவலையே இல்லை, வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாகய்யா உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தான். கை ஒன்றும் வேகவில்லை. உப்பிலும் கயிற்றிலும் காய்த்துப்போன கை அது, சூடே சரியாக உறைக்கவில்லை. கையைத் தூக்கினான். தூக்கியது இரட்டைப் பனைக்கு நேராக நின்றது.

குப்பத்துப் படகுகளில் ஒரு சத்தம் எழுந்து உடனே அடங்கியது. கொத்தரேவுப் பையன்கள் இரண்டு பேர் துடுப்பைத் தூக்கினார்கள். போலய்யா கையை நீட்டித் தடுத்தான். வார்த்தை கொடுத்தது கொடுத்ததுதான். அவன் தம்பியைப் பார்க்கவில்லை. தம்பி கை காட்டிய பனையைத்தான் பார்த்தான், கொஞ்ச நேரம். பிறகு படகைத் திருப்பச் சொன்னான். குப்பத்துக்காரர்கள் அன்றைக்கே புதுப் பனங்கம்பம் கொண்டுவந்து நட்டார்கள். நாகய்யாவைக் கம்பம் பிடிக்கச் சொல்லவில்லை. படகில் உட்கார வைத்து, கரைக்கு வந்ததும் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

துலுக்காணம் சொன்ன சொல் தவறவில்லை. தை மாதம் கோயில் வாசலில் பானை வைத்தார்கள். நாகய்யா சட்டை போட்டுக்கொண்டு போய், தலைக்கட்டுகளோடு முதல் வரிசையில் உட்கார்ந்தான். கோவிந்தம்மா பெண்கள் பக்கத்தில் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு சின்னப் பெண் சீட்டை எடுத்துக் கொடுக்க, எழுதப்படிக்கத் தெரிந்த அப்பாவு வாசித்தான். முதல் சீட்டு, இரண்டாவது சீட்டு. ஏழாவது சீட்டைப் பிரித்து அப்பாவு உரக்கப் படித்தான்.

"ஆந்திராக்காரன். குழிப்பாடு."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க என்ன இருக்கிறது? அப்பாவு குறும்புக்காரனும் இல்லை. சீட்டு எழுதும்போது அவனுக்குத் தெரிந்த பெயரை எழுதினான், கேட்டவர்களுக்கும் யாரென்று புரிந்தது, எட்டாவது சீட்டுக்குப் போனார்கள். நாகய்யா, பேரை மாத்தி எழுதுங்க என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் என்ன பேரு என்று கேட்பார்கள். நாகய்யா என்று சொன்னால் அது யாரு என்று கேட்பார்கள். விட்டுவிட்டான். பங்குதானே முக்கியம்?

வீட்டுக்கு வந்ததும் கோவிந்தம்மா, "அந்த அப்பாவு கையில கட்டி வர" என்றாள். அப்புறம் அதையும் விட்டுவிட்டாள். பொங்கிய சோற்றில் அன்று நெய் ஊற்றினாள்.

அவன் முறை மாசி முதல் வாரத்தில் வந்தது. இரண்டு ஆளை வைத்துக்கொண்டான். அவர்கள் இறங்கிக் கம்பு ஊன்றி வலை கட்டினார்கள். நாகய்யா படகில் உட்கார்ந்தான். எப்படி உட்காருவது என்றே முதலில் தெரியவில்லை. காலைத் தொங்கப்போட்டான், மடக்கினான், நீட்டினான். பீடி பற்ற வைத்தான். விடிந்து நீர் வற்ற ஆரம்பித்தபோது வலையின் மடி கனத்துத் தொங்கியது. இத்தனை எறாவை அவன் சொந்தமாகப் பார்த்ததில்லை. ஆட்கள் சந்தோஷத்தில் கெட்ட வார்த்தை சொன்னார்கள். தூரத்துக் கரையில் கோவிந்தம்மா நிற்கிறாளா என்று பார்த்தான். படகில் உட்கார்ந்திருப்பதை அவள் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

அப்போது தெற்கேயிருந்து ஒரு படகு வந்தது. பழவேற்காட்டுச் சந்தையில் மீன் போட்டுவிட்டு ஊருக்குத் திரும்புகிற கொத்தரேவுப் படகு. முனையில் கழியூன்றி நிற்கிற ஆளை அவனுக்கு எத்தனை தூரத்திலும் தெரியும். புதுக் கம்பம் நட்ட நாளுக்குப் பிறகு அண்ணன் எதிரில் வருவது இதுதான் முதல் தடவை.

நாகய்யா எழுந்து நின்றான். பீடியைத் தண்ணீரில் போட்டான். அரை மைலில் குரல் வரும், எப்போதும் வருகிற இடம் அது. வரவில்லை. கால் மைலாயிற்று. வைவான், நல்லா வைவான், என் நைனாவுக்குப் பிறந்தவனா நீ என்று கேட்பான், கேட்கட்டும் என்று நின்றான். வைவதற்காவது பெயரைச் சொல்லித்தானே ஆகவேண்டும்? படகு வலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வலை குறுக்கே நின்றதால் வழி இல்லை.

போலய்யா தம்பியைப் பார்த்தான். கோபமே இல்லை. சந்தையில் தெரியாத ஆளிடம் வழி கேட்பவன் முகம். தம்பியிடம் பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை தமிழ் பேசியிராதவன், நல்ல தமிழில், மரியாதையாகச் சொன்னான்.

"தமிழ்நாட்டுக்காரரே, வலைய கொஞ்சம் எறக்கிக் குடுத்தீங்கன்னா நாங்க போய்டுவோம்ங்க."

ஆட்கள் தண்ணீரில்தான் இருந்தார்கள், ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாகய்யா சொல்லவில்லை. தானே இறங்கினான். முட்டி மடங்கவில்லை, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மார்பளவு தண்ணீரில் நின்று, வலையின் மேல்கயிற்றை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்தான். பிடித்த எறா கொஞ்சம் அந்த வழியாக வெளியே போயிற்று. அண்ணனுடைய படகு அவன் தோளை ஒட்டி நகர்ந்தது. "அன்னா" என்று தெலுங்கில் கூப்பிட நினைத்தான், கயிற்றை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தான். போலய்யா கழியை ஊன்றித் தள்ளினான். "ரொம்ப உபகாரம்ங்க" என்றான்.

படகு புதுக் கம்பத்தைத் தாண்டி வடக்கே போயிற்று.

அந்தப் பங்கு நாகய்யாவுக்கு அவன் சாகிற வரைக்கும் இருந்தது. தை தவறாமல் சீட்டு விழுந்தது, அப்பாவு தவறாமல் படித்தான். ரத்னாவைக் கும்மிடிப்பூண்டியில் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள், கூரைக்கு ஓடு ஏறியது. தமிழ்நாட்டுக்காரன் என்று ஒருவராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்கினவனுக்கு, அதை முதன்முதலாகச் சொன்னது அவன் அண்ணன்தான். அதற்குப் பிறகு அவனை நாகய்யா என்று கூப்பிட யாரும் இல்லை.